பைராய்ட் வாக்னர் விழா: முதல்முறை போகிறவர்களுக்கு

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், நியூரம்பெர்க்கிலிருந்து ரயிலில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் பைராய்ட் வந்துவிடும். முக்கால் லட்சம் பேர் வாழும் ஊர். ஊருக்கு வடக்கே ஒரு சிறு மேடு. அதன்மேல் செங்கல்லும் மரமுமாக ஓர் அரங்கம். ஆண்டுதோறும் ஜூலை 25ஐ ஒட்டித் திறந்து ஆகஸ்ட் கடைசி வாரத்தில் மூடிவிடுவார்கள். அந்த ஐந்து வாரமும் அங்கே ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னரின் (1813–1883) ஓபராக்கள், அதாவது முழுக்கப் பாடி நடிக்கும் இசை நாடகங்கள்தான் நடக்கும். அதிலும் 'பறக்கும் டச்சுக்காரன்' தொடங்கி 'பார்சிஃபால்' வரையிலான பத்துதான் வழக்கமான வரிசை. அரங்கைத் திட்டமிட்டுக் கட்டியதும் வாக்னரே. 1876 ஆகஸ்ட் 13 அன்று முதல் திரை விலகியது.

இங்கே முதல்முறை போகிறவர்கள் படும் பாடு எல்லாம் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது: அந்தக் கட்டடம். முதுகு வலி, வியர்வை, கதவுக்கு வெளியே நின்றுவிடுவது, கதை புரியாமல் விழிப்பது, எல்லாவற்றுக்கும் வேர் அதுதான். பாட்டு காதில் விழுகிற விதம் உலகில் வேறெங்கும் இப்படி அமையவில்லை என்று ரசிகர்கள் திரும்பத் திரும்ப வருவதும் அதே கட்டடத்துக்காகத்தான். அதனால் டிக்கெட்டைப் பற்றிப் பேசும் முன் கட்டடத்தைப் பார்த்துவிடுவோம்.

உட்காரப் போகும் இடம்

சுமார் 1,925 இருக்கைகள். பெரும்பகுதி ஒரே சரிவில், விசிறி விரித்ததுபோல் 30 வரிசைகளாக ஏறிச் செல்லும். நடுவே நடைபாதை கிடையாது. ஒரு வரிசை இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை ஒரே நீட்டு; சராசரியாக நாற்பது பேருக்கு மேல் அதில் அமர்வார்கள். உள்ளே நுழைய இரு பக்கச் சுவர்களிலும் கதவுகள். நாற்காலி மடக்கு மர நாற்காலி. கை வைக்க இடமில்லை, மெத்தை பெயருக்குத்தான். ஏசி கிடையாது.

வாத்தியக்குழுவைப் பார்க்க முடியாது. மேடைக்கு முன்னுள்ள பள்ளம் படிப்படியாக இறங்கி மேடைக்கு அடியிலேயே போய்விடுகிறது. அதன் தலைக்கு மேல் வளைந்த ஒரு மூடி. வயலின்கள் மேல்படியில், பித்தளைக் கருவிகளும் தாளக் கருவிகளும் அடியாழத்தில். ஒலி மூடியில் பட்டு முதலில் மேடைப் பக்கம் போய், பாடகரின் குரலோடு கலந்து, பிறகே நம்மிடம் வருகிறது. நூறு பேர் வாசித்தாலும் குரல் அமுங்காததற்குக் காரணம் இதுதான். வாத்தியக்குழுவைக் கையசைத்து வழிநடத்தும் நடத்துநருக்கு இது தலைவலி: அவர் காதில் விழுவது ஒன்று, அரங்கில் விழுவது வேறு. புதிதாக வரும் நடத்துநர்கள் முதல் ஒத்திகையில் திணறுவதாகச் சொல்வார்கள். நம் கண்ணுக்குப் படாததால் வாத்தியக்காரர்கள் கோட்டு சூட்டு எதுவும் போட வேண்டியதில்லை. கோடைப் புழுக்கத்தில் அரைக்கைச் சட்டையோடு வாசிக்கிறார்கள்.

தரையும் சுவரும் பெரும்பாலும் மரம். அந்த மரமே பெரிய வீணைக் குடம் மாதிரி வேலை செய்கிறது. மெத்தை நாற்காலியும் கனத்த திரைச்சீலையும் வைத்தால் ஒலியை அவை குடித்துவிடும். உங்கள் முதுகு வலிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எதைப் பார்ப்பது

'ரிங்' என்று எல்லோரும் சொல்வது நான்கு ஓபராக்களின் தொகுப்பு: 'ரைன்கோல்ட்', 'வால்க்யூரே', 'சீக்ஃபிரீட்', 'கோட்டர்டேமருங்'. மொத்தம் சுமார் 15 மணி நேர இசை. பொதுவாக முதல் இரண்டும் அடுத்தடுத்த நாள், பின் ஒரு நாள் ஓய்வு, மூன்றாவது, மறுபடி ஒரு நாள் ஓய்வு, நான்காவது. ஆக ஊரில் ஒரு வாரம் தங்கியாக வேண்டும். "போவதே ஒருமுறை, ரிங்கையே பார்த்துவிடுவோம்" என்று வருகிறவர்கள் அதிகம். வாக்னரின் ஒரு ஓபராவைக்கூட முழுதாகக் கேட்டிராதவர் இப்படி வந்தால் மூன்றாம் நாள் களைத்துப்போவார். அவருக்கு எங்கள் பரிந்துரை 'பறக்கும் டச்சுக்காரன்'. பைராய்ட்டில் இடைவேளை இல்லாமல் ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். கதையும் நேராகப் போகும். அடுத்த படி 'லோஹென்கிரின்' அல்லது 'டான்ஹாய்சர்'. 'டிரிஸ்டனும் இசோல்டேவும்' இசையில் உச்சம். ஆனால் மேடையில் நடப்பது மிகக் குறைவு. பாதி நேரம் இருவர் இருட்டில் நின்று பாடுவார்கள். அதற்குக் காது பழகியிருக்க வேண்டும்.

'பார்சிஃபால்' தனி வகை. இந்த அரங்கின் ஒலியைக் கேட்டறிந்த பிறகு, இதற்கென்றே வாக்னர் 1882இல் எழுதி முடித்தது இது ஒன்றுதான். முதல் அங்கம் மட்டும் ஒன்றேமுக்கால் மணி நேரம் ஓடும். அரங்குக்காகவே பயணம் போகிறோம் என்பவர்கள், இரண்டு மாதம் உட்கார்ந்து தயாராக முடிந்தால், முதல் தேர்வாகவே இதை வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு போங்கள். மேடையமைப்பு பழைய படங்களில் காணும் கொம்புத் தலைக்கவசமாக இருக்காது. இயக்குநர்கள் கதையை நவீன காலத்துக்குக் கொண்டுவந்து தலைகீழாகவும் மாற்றுவார்கள். 2023இல் அரங்கேறிய 'பார்சிஃபால்' தயாரிப்பில் 330 இருக்கைகளுக்கு மட்டும் மிகைமெய்க் கண்ணாடி (மேடைக் காட்சியோடு கணினிப் படங்களையும் சேர்த்துக் காட்டும் ஏஆர் கண்ணாடி) கொடுத்தார்கள். மற்றவர்கள் வெறும் கண்ணால் பார்த்தார்கள். ஆகவே ஓபராவைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்த ஆண்டு யார் இயக்கம், புதுத் தயாரிப்பா பழையதா என்று பாருங்கள். ஒரு தயாரிப்பு சில ஆண்டுகள் தொடர்ந்து வரும். இரண்டாம் மூன்றாம் ஆண்டில் போனால் விமர்சனம், படங்கள், சில சமயம் முழுப் பதிவுமே முன்கூட்டிக் கிடைத்துவிடும். புதியவருக்கு அதுதான் வசதி.

டிக்கெட்

பத்து ஆண்டு காத்திருந்தால்தான் டிக்கெட் என்ற பேச்சு இன்னும் உலவுகிறது. ஒரு காலத்தில் அது உண்மை. இப்போது விழாவின் சொந்த இணையதளத்தில் கணக்குத் தொடங்கி நேரடியாக வாங்கலாம். முதலில் முந்தைய ஆண்டின் இலையுதிர்காலத்தில் விண்ணப்ப முறை. அதன்பின் குளிர்காலத்தில் உடனடி விற்பனை. தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். விற்பனை தொடங்கும் நாளில் இணைய வரிசையில் நிற்க வைப்பார்கள். கணக்கை அன்று தொடங்கப் போனால் அதிலேயே நேரம் போய்விடும். ஒரு மாதம் முன்பே தொடங்கி, முகவரி, அட்டை விவரம் எல்லாம் சரிபார்த்து வையுங்கள். வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனை உங்கள் அட்டையில் திறந்திருக்கிறதா, வங்கி வைத்திருக்கும் வரம்பு நான்கு ரிங் டிக்கெட்டின் மொத்தத் தொகையைத் தாங்குமா என்பதும் பார்க்க வேண்டியவை. வரிசையில் மூன்று மணி நேரம் நின்று, பணம் கட்டும் பக்கத்தில் அட்டை மறுக்கப்படுவது சாதாரணமாக நடக்கும் விபத்து.

டிக்கெட்டில் பெயர் அச்சாகும். தமிழர்களுக்குச் சிக்கல் இங்கேதான். முன்னெழுத்தோடு பெயர் எழுதும் பழக்கத்தில் "எஸ். கமலா" என்று போட்டுவிட்டு, பாஸ்போர்ட்டில் "கமலா சுந்தரம்" என்று இருந்தால் வாசலில் விளக்கம் சொல்ல நேரிடலாம். படிவத்தில் 'ஃபோர்நாமெ' என்பது உங்கள் பெயர், 'நாஹ்நாமெ' என்பது குடும்பப் பெயர். பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ அதை எழுத்து மாறாமல் போடுங்கள். குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக உள்ள பாஸ்போர்ட் என்றால், என்ன போடுவது என்று டிக்கெட் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்டுவிட்டு வாங்குங்கள். இடைத்தரகர் தளங்களில் இரண்டு மடங்கு விலைக்கு வாங்குவது வேண்டவே வேண்டாம். பெயர் உங்களுடையதாக இருக்காது.

விலை குறைந்த இருக்கைகளைத் தொடுமுன் குறிப்பைப் படியுங்கள். மேல்மாடத்தில் சில இடங்களில் தூண் மறைக்கும். சில இடங்கள் வெறுமே கேட்பதற்கு மட்டும் என்றே விற்கப்படுகின்றன, மேடை தெரியாது. இசையே போதும் என்பவருக்கு அது நல்ல பேரம்தான். முதல்முறை போகிறவர் கீழ்த்தளத்தின் நடு வரிசைகளையும் பக்கவாட்டு இடங்களையும் பாருங்கள். நடு வரிசையின் நட்டநடு இருக்கை விலையும் அதிகம், உள்ளே மாட்டிக்கொண்டால் வெளியே வருவதும் கடினம். மேல்மாடத்தில் ஒலி நன்றாக இருக்கும், வெக்கையும் அங்கேதான் சேரும்.

விற்பனை முடிந்தாலும் கதை முடியவில்லை. திரும்பி வரும் டிக்கெட்டுகள் அதே தளத்தில் அவ்வப்போது தலைகாட்டும். ஜூன், ஜூலையில் தினம் ஒருமுறை பாருங்கள். இசை படிக்கும் இளைஞர்களுக்கு வேறொரு வழி உண்டு. ரிச்சர்ட் வாக்னர் உதவித்தொகை அறக்கட்டளை ஆண்டுதோறும் இளம் பாடகர்களையும் வாத்தியக் கலைஞர்களையும் விழாவுக்கு அழைத்து வந்து நிகழ்ச்சிகளைப் பார்க்க வைக்கிறது. பல நாடுகளில் இருக்கும் வாக்னர் சங்கங்கள் வழியாகத் தேர்வு நடக்கும்.

விசா, ரயில், அறை

ஜெர்மனி போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குள் போனால் ஏற்க மாட்டார்கள். கோடை என்பதால் நேர்காணல் நேரம் கிடைப்பதே பெரும்பாடு. மார்ச், ஏப்ரலில் முடித்துவிடுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஓபரா டிக்கெட்டை விண்ணப்பத்தோடு சேருங்கள். பயண நோக்கத்துக்கு அதைவிடத் தெளிவான சான்று இல்லை.

விமானம் ஃபிராங்க்ஃபர்ட் அல்லது மியூனிக், அங்கிருந்து நியூரம்பெர்க், அங்கிருந்து உள்ளூர் ரயில். நியூரம்பெர்க்கிலிருந்து கிளம்பும் சில வண்டிகள் வழியில் இரண்டாகப் பிரிந்து வேறு வேறு ஊர்களுக்குப் போகும். நடைமேடைப் பலகையில் பைராய்ட் என்று இருப்பதால் மட்டும் ஏறிவிடாமல், ஏறும் பெட்டியின் பக்கவாட்டிலும் பைராய்ட் என்று இருக்கிறதா பாருங்கள். பயணத்தை ஓபரா நாளன்றே வைத்துக்கொள்ளாதீர்கள். ஜெர்மன் ரயில்கள் தாமதமாகும், அரங்கம் காத்திருக்காது.

அறைக்கு டிக்கெட் கையில் வந்த அன்றே பணம் கட்டுங்கள். விழா வாரங்களில் ஊர் நிரம்பி வழியும், வாடகை ஏறும். நியூரம்பெர்க்கில் தங்கிப் போய்வரலாமா என்றால், மாலை 6 மணிக்குத் தொடங்கும் சிறிய ஓபராக்களுக்குப் போகலாம். ஐந்து மணி நேர ஓபரா முடிய இரவு பத்து, பத்தரை ஆகும். கடைசி ரயிலை நினைத்துக்கொண்டே கடைசி அங்கத்தைக் கேட்பதில் சுகமில்லை.

காதைத் தயார் செய்வது

இதைத் தவிர்த்துவிட்டுப் போனால் மற்ற செலவெல்லாம் வீண். இங்கே மேடைக்கு மேலே வசன மொழிபெயர்ப்புப் பலகை ஓடாது. நான்கு மணி நேரமும் ஜெர்மன் மட்டும். அரங்கம் கும்மிருட்டாக இருக்கும், கையில் புத்தகம் வைத்துப் படிக்க வழியில்லை. ஆகவே கதை மனதில் இருக்க வேண்டும்.

ஒரு ஓபராவுக்கு எட்டு வாரம் ஒதுக்குங்கள். முதல் வாரம் கதைச் சுருக்கம் மட்டும். பிறகு வாரம் ஒரு அங்கமாக, எதையும் படிக்காமல் கேளுங்கள். எங்கே காது நிற்கிறது, எங்கே நழுவுகிறது என்று குறித்துக்கொண்டால் போதும். ஐந்தாம் வாரத்திலிருந்து ஜெர்மனும் ஆங்கிலமும் பக்கத்துப் பக்கம் அச்சான பாடல்நூலை வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். யார், யாரிடம், எதற்காகப் பாடுகிறார் என்பது தெரிந்தால் போதும். வார்த்தைக்கு வார்த்தை தேவையில்லை. ரிங்கில் தெய்வங்களின் தலைவரான வோட்டான் போன்றவர்கள் மேடையில் இருபது நிமிடம் நின்றபடி முன்கதை சொல்வார்கள். கொட்டாவி வருவது அங்கேதான். அந்த இடங்களை மட்டும் நூலோடு மூன்று முறை கேட்டுவிடுங்கள்.

தமிழ் படித்தவர்களுக்கு ஒரு கூடுதல் வசதி இருக்கிறது. ரிங்கின் பாடல் நடையில் வாக்னர் இறுதி இயைபை விட்டுவிட்டுப் பழைய ஜெர்மானிய மோனையைப் பிடித்துக்கொண்டார். 'ரைன்கோல்ட்' திறக்கும்போது ஆற்றுப்பெண்கள் பாடும் முதல் அடியே "வையா, வாகா, வோகெ, டு வெல்லெ" என்று வகர வரிசையாக உருளும். பொருள் புரியாவிட்டாலும் மோனை எங்கே விழுகிறதோ அங்கே அழுத்தம் விழுகிறது என்பதை நம் காது சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது சிறு இசைத்துணுக்குகள். ஜெர்மனில் 'லைட்மோட்டிஃப்' என்பார்கள். ஒரு பொருளுக்கோ ஆளுக்கோ எண்ணத்துக்கோ ஒரு துணுக்கு. அது வரும் இடமெல்லாம் உருமாறி வரும். நூறு துணுக்குகளைப் பட்டியல் போடும் கையேடுகள் கிடைக்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்யாதீர்கள், மேடையைப் பார்க்காமல் விடை கண்டுபிடித்துக்கொண்டே இருப்பீர்கள். ரிங்குக்கு ஆறு போதும்: ரைன் ஆறு, மோதிரம், வல்ஹல்லா கோட்டை, ஈட்டி, வாள், சாபம். ஈட்டி என்றால் உடன்படிக்கை. படிப்படியாக இறங்கும் கனத்த அவரோகணம். வாள் துணுக்கு டிரம்பெட்டில் மேல்நோக்கித் தாவும். பூமித்தாய் ஏர்டா வரும்போது அதே ரைன் ஆற்றுத் துணுக்கு இருண்ட மைனர் வடிவத்தில் எழுகிறது. தெய்வங்களின் முடிவைச் சொல்லும் துணுக்கு அதையே தலைகீழாக இறக்கியது. இந்த ஒரு குடும்பத்தை வீட்டிலேயே பிடித்துவிட்டால் மற்றவை தாமாக வரும்.

கடைசி இரண்டு வாரம் உடலுக்கு. ஒரு மர நாற்காலியில், கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, ஒரு முழு அங்கத்தை எழுந்திருக்காமல் கேட்டுப் பாருங்கள். 'கோட்டர்டேமருங்' முன்னுரையும் முதல் அங்கமும் சேர்ந்து இரண்டு மணி நேரம். இடுப்பு எந்த நிமிடத்தில் முனகத் தொடங்குகிறது என்பது வீட்டிலேயே தெரிந்துவிடும்.

அன்றைய நாள்

பெரிய ஓபராக்கள் மாலை 4 மணி. 'ரைன்கோல்ட்', 'டச்சுக்காரன்' மாலை 6. மதியம் ஒரு மணிக்குள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, சற்றுக் கண் அயருங்கள். மூன்று மணிக்கு மேல் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறை அரங்கத்துக்கு வெளியே, நடுவில் எழுந்து போக வழியில்லை.

உடை பற்றி எழுதப்பட்ட கட்டாயம் எதுவுமில்லை. ஆனாலும் பெரும்பாலோர் மாலை விருந்துக்குரிய உடையில் வருவார்கள். தொடக்க நாளில் மந்திரிகளும் பிரபலங்களும் வருவதைப் பார்க்கவே ஊர் கூடும். சேலை, வேட்டி இரண்டும் கௌரவமாகவே இருக்கும். கனத்த பட்டுதான் வேண்டாம். ஜூலை வெயிலில் ஏசி இல்லாத மர அரங்கில் ஜரிகை ஊசியாய்க் குத்தும். பருத்தியோ மெல்லிய பட்டோ போதும். கண்ணாடி வளையல், கொலுசு அறையிலேயே இருக்கட்டும். அந்த அமைதியில் ஒரு வளையல் உரசல் பத்து வரிசைக்குக் கேட்கும், பத்துத் தலையும் திரும்பும். மேலே ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்: வெளியே வரும்போது குளிர் இறங்கியிருக்கும்.

ரயில் நிலையத்திலிருந்து அரங்கம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், நேரான சாலை, லேசான ஏற்றம். கால் மணி நேர நடை. முழங்கால் வலி உள்ளவர்கள் டாக்சி பிடிக்கலாம். மூன்றேகால் மணிக்கு மேட்டில் இருங்கள். பைச் சோதனை உண்டு. பெரிய பை அனுமதி இல்லை. இருக்கைத் திண்டைச் சொந்தமாகக் கொண்டுவரலாமா என்பதில் விதி மாறிக்கொண்டே வந்திருக்கிறது, அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

டிக்கெட்டில் நான்கு விஷயம் இருக்கும்: இடமா வலமா, கதவு எண், வரிசை, இருக்கை. 'லிங்க்ஸ்' என்றால் இடது, 'ரெஹ்ட்ஸ்' என்றால் வலது. இந்த ஒரு சொல்லைப் பார்க்காமல் எதிர்ப்பக்கக் கதவில் நுழைந்தால், நாற்பது பேரை எழுப்பிவிட்டு அவர்கள் முழங்காலுக்கும் முன்வரிசை முதுகுக்கும் நடுவே ஊர்ந்து போக வேண்டும். அல்லது வெளியே வந்து கட்டடத்தைச் சுற்ற வேண்டும், அதற்குள் கதவு சாத்திவிடும்.

மணி அடிப்பதில்லை. அரங்கின் முகப்பு மாடத்தில் பித்தளை வாத்தியக்காரர்கள் சிலர் வந்து நிற்பார்கள். தொடங்கவிருக்கும் அங்கத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்து ஊதுவார்கள்: 15 நிமிடம் இருக்கும்போது ஒருமுறை, 10 நிமிடத்தில் இரண்டுமுறை, 5 நிமிடத்தில் மூன்றுமுறை. எட்டு வாரம் தயார் செய்தவருக்கு எந்தத் துணுக்கு என்று அங்கேயே தெரிந்துவிடும். முதல் ஊதலுக்குப் படம் எடுங்கள், இரண்டாவதில் கதவுக்குப் போங்கள். மூன்றாவதில் இருக்கைக்கு அருகே நிற்க வேண்டும்.

நிற்க வேண்டும் என்று சொன்னது சும்மா இல்லை. நடு இருக்கைக்காரர்கள் வந்து சேரும் வரை ஓர இருக்கைக்காரர்கள் உட்காருவதில்லை. எழுதாத விதி. எல்லோரும் வந்ததும் வரிசை மொத்தமாக அமரும். உங்கள் இடம் நடுவில் என்றால் முதல் ஆளாகப் போய்விடுவதுதான் மரியாதை. கதவு சாத்தினால் அங்கம் முடியும்வரை திறக்காது. 'ரைன்கோல்ட்'டுக்கு இடைவேளையே இல்லை. இரண்டு நிமிடத் தாமதம் என்றால் அன்றைய மாலை முழுக்க வெளியேதான். தனி ஆவர்த்தனத்தில் எழுந்து கேன்டீனுக்குப் போகும் சபா பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள்.

விளக்கு அணையும். நடத்துநர் வருவது தெரியாததால் வரவேற்புக் கைதட்டலும் இல்லை. 'ரைன்கோல்ட்' என்றால், அந்த இருட்டில் தரைக்கு அடியிலிருந்து டபுள் பாஸின் ஒற்றை ஸ்வரம் எழும்பும். ஈ பிளாட். கேட்டதா, நாமே நினைத்துக்கொண்டோமா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெதுவாக. அதன்மேல் ஹார்ன்கள் ஒவ்வொன்றாக ஏறும். 136 தாளக்கட்டு வரை, ஏறக்குறைய நான்கு நிமிடம், சுருதி மாறாது. தம்புரா மீட்டலில் வளர்ந்த காதுக்கு இது அந்நியமே இல்லை. யார் வாசிக்கிறார்கள், எங்கிருந்து வருகிறது என்று தெரியாத இந்த நான்கு நிமிடத்துக்காகத்தான் பள்ளத்துக்கு மூடி போட்டார்கள்.

இருமல் வரும் என்று தோன்றினால் மிட்டாயை வெளியிலேயே உறை பிரித்துக் கைக்குட்டையில் வைத்துக்கொள்ளுங்கள். மயக்கமாக உணர்ந்தால் தலையைக் குனிந்து உட்காருங்கள். கடும் வெயில் நாட்களில் பார்வையாளர்கள் மயங்கி விழுவது புதிதல்ல.

இடைவேளை

ஒவ்வொன்றும் சுமார் ஒரு மணி நேரம். பாடகர்களின் தொண்டைக்கும் நம் முதுகுக்கும் அது தேவை. நடந்துகொண்டே இருங்கள், மறுபடி உட்காரப் போகிறீர்கள். முதலில் கழிப்பறை வரிசை, பிறகு சாப்பாடு. அரங்க உணவகத்தில் முன்பதிவு செய்தவர்களுக்குத் தட்டு தயாராக இருக்கும். மற்றவர்களுக்குக் கடைகளில் வறுத்த சாஸேஜ், ரொட்டி, ஐஸ்கிரீம். சைவக்காரர்கள் பிரெட்சல், சீஸ், சாலட் என்று சமாளிக்க வேண்டும்; எலுமிச்சைச் சாதமோ சப்பாத்தியோ பொட்டலம் கட்டிவந்து பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடுவது கேலிக்குரியதல்ல, ஜெர்மானியர்களும் கூடை கொண்டுவருவார்கள். பொட்டலத்தை உள்ளே கொண்டுபோக முடியாது என்பதால் மிச்சம் வைக்காத அளவு கட்டுங்கள். பீர் அரைக் கிளாஸோடு நிற்கட்டும், தூக்கம் சொக்கும்.

பூங்காவின் கீழ்ப்பகுதியில் வாக்னர் சிலையைச் சுற்றி நெடிய பலகைகள் நிற்கின்றன. விழாவிலிருந்து விரட்டப்பட்ட, நாஜிகளால் கொல்லப்பட்ட யூதக் கலைஞர்களின் முகங்களும் வரலாறும். வாக்னர் யூதர்களுக்கு எதிராக 1850லேயே எழுதியவர். 1930களில் விழாவை நடத்திய மருமகள் வினிஃபிரட் ஹிட்லரின் நெருங்கிய தோழி. இதே மேட்டில் ஹிட்லர் ஆண்டுதோறும் விருந்தினராக வந்திருக்கிறார். போருக்குப்பின் 1951இல் பேரன்கள் வீலாண்டும் வோல்ஃப்காங்கும் மேடையை ஏறக்குறைய வெறுமையாக்கி, ஒளியை மட்டும் வைத்து மறுபடி தொடங்கினார்கள். ஒரு இடைவேளையை இந்தப் பலகைகளுக்குக் கொடுங்கள். இசையையும் இதையும் எப்படிச் சேர்த்து வைத்துக்கொள்வது என்பதில் அங்கே வரும் ஜெர்மானியர்களுக்கே இன்றும் ஒத்த கருத்து இல்லை.

கைதட்டல்

அங்கத்தின் நடுவில் எங்கேயும் தட்டக் கூடாது, பாட்டு எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும். திரை விழுந்து கடைசி ஒலி அடங்கியபின் தட்டுங்கள். மகிழ்ச்சி மிஞ்சினால் மரத்தரையில் காலால் உதைப்பார்கள். இடி இடிப்பதுபோல் இருக்கும். பிடிக்காவிட்டால் 'பூ' என்று ஊளையும் விழும், முதல்காட்சியில் இயக்குநர் மேடைக்கு வரும்போது குறிப்பாக. அடிதடி வராது, பயப்பட வேண்டாம்.

'பார்சிஃபால்' முதல் அங்கம் முடிந்ததும் பலர் தட்டாமல் எழுந்து போவதைப் பார்ப்பீர்கள். இந்த மரபே ஒரு தவறான புரிதலில் பிறந்தது. 1882இல் பாடகர்கள் நடுவில் திரைக்கு முன் வந்து வணங்க வேண்டாம் என்றுதான் வாக்னர் கேட்டுக்கொண்டார். கூட்டம் அதைக் கைதட்டவே கூடாது என்று எடுத்துக்கொண்டது. பின்னொரு நாள் மலர்க்கன்னியர் காட்சிக்கு வாக்னரே 'பிராவோ' என்று கத்த, பக்கத்திலிருந்தவர்கள் அவரை "உஷ்" என்று அடக்கினார்கள். பக்கத்து இருக்கைக்காரர் செய்வதைச் செய்யுங்கள்.

ஓய்வு நாட்கள்

வாக்னர் வாழ்ந்த வான்ஃப்ரீட் வீடு இப்போது அருங்காட்சியகம். பின்தோட்டத்தில் பெயர் பொறிக்காத ஒரு கல்லின்கீழ் அவரும் மனைவி கோசிமாவும். சற்றுத் தள்ளி அவர் வளர்த்த ருஸ் என்ற நாய்க்கும் சமாதி. மாமனார் ஃபிரான்ஸ் லிஸ்ட் 1886இல் விழா நடந்துகொண்டிருக்கையில் இதே ஊரில் இறந்தார். நகரக் கல்லறையில் இருக்கிறார். 1748இல் திறந்த மார்கிரேவ் ஓபரா மாளிகையைத் தவறவிடாதீர்கள். மரத்தில் செதுக்கிப் பொன்பூசிய உள்ளரங்கம், 2012 முதல் யுனெஸ்கோ பட்டியலில். வாக்னர் முதலில் இந்த மாளிகையின் ஆழமான மேடையைக் கேள்விப்பட்டுத்தான் ஊருக்கு வந்தார். பார்த்துவிட்டுத் தன் வேலைக்கு ஆகாது என்று தள்ளினார். மேட்டில் வெறும் மரமும் செங்கல்லும், கீழே இந்தப் பொன்மயம்: இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் அவர் எதை வேண்டாம் என்றார் என்பது கண்ணுக்குத் தெரியும்.

பவேரியாவில் கடைகள் இரவு 8 மணிக்கு அடைத்துவிடும்; ஞாயிறு முழுதும் அடைப்பு. ஓபரா விட்டு வரும்போது உணவகச் சமையலறையும் பெரும்பாலும் மூடியிருக்கும். ரொட்டி, தயிர், பழம் அறையில் இருக்கட்டும்.

டிக்கெட் கிடைக்கவில்லை, அல்லது அடுத்த ஆண்டுக்குத்தான் திட்டம் என்றால், இந்த ஆண்டே தொடங்கிவிடலாம். தொடக்க நாள் ஓபராவைப் பவேரிய வானொலியின் பிஆர்-கிளாசிக் நேரடியாக ஒலிபரப்பும், இணையத்தில் கேட்கலாம். அங்கே மாலை 4 என்றால் நமக்கு இரவு 7:30. இடைவேளைகளும் அங்கே உள்ளபடியே ஒரு மணி நேரம் வரும், சாப்பாட்டை முதல் இடைவேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்; முடிய இரவு ஒன்றரை, இரண்டு மணி ஆகும்.